"அன்ஃபிட்" என்ற ஒற்றை வார்த்தை

(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



நாம் வழக்கமாகக் கூடுவது சம்பளம் பேச, சேமலாப நிதி பேச, லயத்துக் கூரை ஒழுகுவதைப் பேச. இன்று எனக்குத் தந்திருக்கும் விஷயம் வேறு. மேடையில் பேசக் கூச்சமான விஷயம். கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டதால்தான் நம் ஆட்கள் சிலர் கெட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் நேராகவே பேசுகிறேன். பிள்ளைகள் இருக்கிறார்களே என்று யாரும் எழுந்து போக வேண்டாம். அவர்களும் கேட்க வேண்டும்.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், தோட்டமும் சொல்ல மாட்டேன். "என் கதையைச் சொல்லுங்க அண்ணே, ஆளைச் சொல்லாதீங்க" என்று கேட்டுத்தான் அனுமதி தந்தார். கொழுந்துச் சம்பளத்தில் கடன் அடையவில்லை என்று வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பேர் கொடுத்தார். ஏஜென்ட் கொழும்புக்குக் கூட்டிப் போய் மெடிக்கல் எடுத்தார். சில நாளில் பதில் வந்தது. ஒரே ஒரு வார்த்தை: "அன்ஃபிட்". ஏன் என்று கேட்டதற்கு, "ரத்தத்துல ஏதோ இருக்காம், இனிமே வர வேணாம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

தங்கச்சி என்ன நினைத்தார்? ரத்தம் குறைவு என்று நினைத்தார். பீட்ரூட் சாப்பிட்டார், டானிக் குடித்தார். இரண்டு வருஷம் போய்விட்டது. பிறகு கர்ப்பமாகி கிளினிக்குப் போனபோது, எல்லாத் தாய்மாருக்கும் எடுப்பது போல ரத்தம் எடுத்தார்கள். அப்போதுதான் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னொரு சோதனையும் செய்தார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியும் இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில்.

இன்று அவர் மருந்து எடுக்கிறார், மலைக்குப் போகிறார், கொழுந்து பறிக்கிறார். பிள்ளைக்கு இரண்டு கிருமியும் வரவில்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னமே அவங்களுக்குத் தெரியுமே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2018 டிசம்பரில் தமிழ்நாடு விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம். அதில் எச்.ஐ.வி இருந்தது. அந்த இரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவுக்காரர் ஒருவருக்காகக் கொடுத்திருந்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது தனக்கு எச்.ஐ.வி இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. அந்தப் பையன் ஒளியவில்லை. தானே போய், "நான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்" என்று சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 2016இலேயே அவர் ஒரு தடவை இரத்தம் கொடுத்திருந்தார் என்றும், அப்போதே எச்.ஐ.வியும் ஹெபடைட்டிஸ் பியும் இருப்பது சோதனையில் தெரிந்தும் அவர் காதுக்கு அது போய்ச் சேரவில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின. இரண்டு வருஷம். நம் தங்கச்சிக்கும் அதே இரண்டு வருஷம். அந்தப் பையன் மனமுடைந்து விஷம் குடித்து அந்த மாதமே இறந்துபோனார். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது.

தோழர்களே, அந்தப் பையனை கிருமி கொல்லவில்லை. எச்.ஐ.விக்கும் மருந்து இருக்கிறது, ஹெபடைட்டிஸ் பிக்கும் மருந்து இருக்கிறது. ஒரே மாத்திரை இரண்டையும் அடக்கும். அதை அவருக்கு நேரத்தோடு சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் நான் இன்று இங்கே நிற்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் மஞ்சள் காமாலை என்கிறோம், செங்கண்மாரி என்கிறோம். கண் மஞ்சளாகும், மூத்திரம் மஞ்சளாகும், சோறு பிடிக்காது. அது ஈரல் கெட்டதற்கான அடையாளம். ஈரலைக் கெடுக்கும் வைரஸ்களுக்குத்தான் ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, டி, ஈ என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஏயும் ஈயும் அழுக்குத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. பீலித் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே கக்கூஸ் குழி இருந்தால் லயம் முழுக்கப் படுக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தப்பலாம். இவை பெரும்பாலும் வந்து போய்விடும். ஆனால் கர்ப்பிணிக்கு ஈ வந்தால் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பியும் சியும் வேறு வகை. தண்ணீரில் வராது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால் வராது. இரத்தத்தால் வரும், உடலுறவால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். எச்.ஐ.வியும் இதே மூன்று வழியில்தான் வருகிறது. ஒரு கிருமி வந்த வழியிலேயே மற்றதும் வரலாம். அதனால்தான் ஒன்று இருப்பவருக்கு மற்றதையும் சோதிக்கச் சொல்கிறார்கள். எச்.ஐ.வி உள்ளவர்களில் 27 இலட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் பியும், 23 இலட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சியும் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. 2022இல் உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேற்பட்டோர் ஹெபடைட்டிஸ் பியோடும், 5 கோடிப் பேர் சியோடும் வாழ்ந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் இந்த இரண்டாலும் இறந்தவர்கள் 13 இலட்சம். நம் நாட்டில் இவை குறைவு. குறைவு என்பதால் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் ஆபத்தே அதுதான்.

ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில் கூட, ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். எச்.ஐ.வியைவிட 50 முதல் 100 மடங்கு சுலபமாகத் தொற்றும். சலூனில் பிளேடை மாற்றாமல் ஷேவ் எடுக்கிறவர்களே, காது கேட்கிறதா? திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துகிற இடத்தில் கையை நீட்டுகிற தம்பிமாரே, உங்களுக்கும்தான். ஒரே லயத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் ஒரே ரேசரை வைத்திருந்தால், நாளைக்கே தனித்தனியாக வாங்குங்கள்.

அடுத்தது, பி வந்தவர் எல்லோரும் காலம் முழுக்கச் சுமப்பதில்லை. வயது வந்த, நல்ல தேகம் உள்ள நூறு பேருக்கு வந்தால், தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அவர்கள் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு வந்தால் தலைகீழ். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளில் தங்கிவிடும். எச்.ஐ.வி உள்ளவருக்கும் உடம்பின் காவல் தளர்ந்திருப்பதால் அது தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். தங்கினால் ஈரல் வேகமாகச் சுருங்கும், புற்றுநோய் வரையும் போகலாம். இதில் மோசம் என்னவென்றால், பல வருஷங்களுக்கு ஒரு வலியும் இருக்காது. கண் மஞ்சளாகும் வரை காத்திருப்பவர் பிந்திவிட்டார்.

இப்போது நல்ல செய்தி சொல்கிறேன், கேளுங்கள்.

எச்.ஐ.விக்கு இன்று உலகம் முழுக்க முதலில் கொடுக்கும் மாத்திரையில் மூன்று மருந்து சேர்ந்திருக்கிறது. அதில் டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற இரண்டு மருந்தும் எச்.ஐ.வியையும் அடக்கும், ஹெபடைட்டிஸ் பியையும் அடக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். நம் நாட்டில் 2004இலிருந்து எச்.ஐ.வி மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஒழுங்காக எடுப்பவருக்கு இரத்தத்தில் எச்.ஐ.வி காண முடியாத அளவுக்குக் குறையும். அப்படிக் குறைந்து, அப்படியே வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவால் அது மற்றவருக்குப் போகாது. கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி போவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அந்தச் சான்றுக்குப் பின்னால் நம் மருத்துவ மாதுமாரின் கால்நடை இருக்கிறது. லயம் லயமாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள்.

ஆனால் இரண்டும் உள்ளவருக்கு ஓர் எச்சரிக்கை. இதை மட்டும் மறக்காதீர்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி மட்டும் உள்ளவர் நிறுத்தினாலே கெடுதிதான். பியும் சேர்ந்திருப்பவர் திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த பி கிருமி பாய்ந்து எழும். ஈரல் ஒரேயடியாகக் கெட்டு உயிரே போகலாம். "தேகம் நல்லாயிருக்கு, இனி எதுக்கு" என்று நிறுத்தாதீர்கள். வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது மாத்திரையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேறு ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றப் போகிறார்கள் என்றால், "எனக்கு ஹெபடைட்டிஸ் பியும் இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் அதை முழுதாகவே குணப்படுத்தலாம். முன்பு ஒரு வருஷம் வரை ஊசி போட வேண்டும், பாதிப் பேருக்குத்தான் குணமாகும். இப்போது மாத்திரை வந்திருக்கிறது. பெரும்பாலும் மூன்று மாதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகும். எச்.ஐ.வி இருந்தாலும் அப்படித்தான். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2020இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹெபடைட்டிஸ் பியைக் கண்டுபிடித்த பிளம்பெர்க் என்ற விஞ்ஞானி 1976இலேயே நோபல் பெற்றவர். அவர் பிறந்த ஜூலை 28ஆம் திகதியைத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பிளம்பெர்க்கைச் சொன்னதும் நம் கீழாநெல்லி ஞாபகம் வருகிறது. காமாலை என்றால் நம் ஆயாமார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் என்ற ஆராய்ச்சியாளரும் இதே பிளம்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லியை ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று 1988இல் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. நான் ஆயாவைக் குறை சொல்லவில்லை. வந்து தானாகவே போகும் காமாலைக்கு எதைக் கொடுத்தாலும் குணமானது போலத்தான் தெரியும். தங்கிவிடும் பியை கீழாநெல்லி விரட்டும் என்று நம்பி மாத்திரையை விட்டால், ஆள் தப்ப மாட்டார். கசாயம் எதையாவது குடிப்பதாக இருந்தால் கிளினிக் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இனி கசிப்பு. தலைவர்மாரே, தலையைக் குனிய வேண்டாம். மலையில் நனைந்து வந்தவருக்கு ஒரு கிளாஸ் என்று ஆரம்பிக்கிறது. கிருமி ஒரு பக்கம் ஈரலைத் தின்னும், கசிப்பு மறு பக்கம் தின்னும். இரண்டும் சேர்ந்தால் ஈரல் இன்னும் வேகமாகக் கெடும். ஹெபடைட்டிஸ் உள்ளவருக்குக் "கொஞ்சமாகக் குடிக்கலாம்" என்ற கணக்கு இல்லை. விட்டுவிட வேண்டும். அதேபோல பெனடோல். உடம்பு வலிக்கிறது என்று நினைத்த நேரமெல்லாம் விழுங்குகிறோம். அளவுக்கு மிஞ்சினால் அதுவும் ஈரலுக்கு விஷம். காசநோய் மருந்து எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். காசநோய்க் குளிசையில் சில ஈரலுக்குப் பாரம் கொடுப்பவை. எச்.ஐ.வி, காசநோய், ஹெபடைட்டிஸ் மூன்றும் ஒருவருக்கு வரலாம். ஒரு கிளினிக்கில் மற்றக் கிளினிக் கார்டைக் காட்டாமல் மறைத்தால் கெடுவது உங்கள் ஈரல்தான்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. ஹெபடைட்டிஸ் பிக்கு நல்ல ஊசி இருக்கிறது. நம் நாட்டில் 2003இலிருந்து குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2008இலிருந்து ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசியில் அது இருக்கிறது. இரண்டாம், நாலாம், ஆறாம் மாதங்களில் போடுவார்கள். கிளினிக் நாளில் பேர் போய்விடும் என்று குழந்தையின் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன் பிறந்த நம்மில் பெரும்பாலானோருக்கு இந்த ஊசி போடவில்லை. எச்.ஐ.வி உள்ளவர், வீட்டில் ஒருவருக்குப் பி இருந்தால் அவருடைய புருஷன் பெஞ்சாதி பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர், இவர்கள் எல்லாம் டொக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டால்தான் நல்ல காவல். ஆகவே பிரசவத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எஸ்.டி.டி கிளினிக் என்று கேளுங்கள். பேரைக் கேட்டுக் கூச்சப்படாதீர்கள். சோதனைக்குக் காசில்லை. கடிதம் தேவையில்லை. அங்கே சொல்வது வெளியே போகக் கூடாது என்பது அவர்களுடைய கடமை. பயப்படும்படி ஏதாவது நடந்து உடனே சோதித்து "இல்லை" என்று வந்தாலும், அவர்கள் சொல்லும் நாளில் மறுபடியும் போய்ப் பாருங்கள். கிருமி தெரிய நாள் எடுக்கும்.

வெளிநாடு போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வளைகுடா மெடிக்கலில் எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் பார்ப்பார்கள். நெஞ்சுப் படமும் எடுப்பார்கள். "அன்ஃபிட்" என்று வந்தால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எதனால் என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நம் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் நேரே அரசாங்கக் கிளினிக்குப் போய், "மெடிக்கல்ல அன்ஃபிட் ஆனேன், எல்லாம் பாருங்க" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது, அந்த நோய்க்கு ஒரு மருந்தும் இருக்கிறது.

கடைசியாகச் சங்கத்தின் வேலை.

2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பையனின் தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்று வதந்தி கிளம்பியது. பையனுக்கு எந்த நோயும் இல்லை. ஆனாலும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மறுத்தார்கள். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் பையனைச் சேர்த்துக்கொண்டது. ஊருக்கே இப்படி என்றால் லயத்தில் எப்படி இருக்கும்? ஒரு காம்பிராவில் தும்மினால் அடுத்த காம்பிராவில் கேட்கும். அங்கே இரகசியத்தைக் காப்பது மலையைச் சுமப்பது போல. அதனால்தான் தலைவர்மாரிடம் நான் கேட்கிறேன்.

ஒன்று, யாருக்கு என்ன நோய் என்று கேட்காதீர்கள், தெரிந்தால் சொல்லாதீர்கள். கிளினிக் நாளில் ஒருவர் பிரட்டுக்கு வரவில்லை என்றால் கிளினிக் துண்டு போதும். எந்தக் கிளினிக் என்று கணக்கப்பிள்ளைக்குத் தேவையில்லை. இரண்டு, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010இல் 200ஆம் இலக்கப் பரிந்துரையை நிறைவேற்றியது. எச்.ஐ.வியைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, வேலைக்காகக் கட்டாயச் சோதனை செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். மூன்று, கிளினிக்கில் நம் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். தன் நோயை அடுத்தவர் மொழிபெயர்த்துக் கேட்கும் கொடுமை இருக்கக் கூடாது. நாலு, வெளிநாட்டு மெடிக்கல் முடிவை எழுத்தில் கொடுத்து, அரசாங்கக் கிளினிக்குக் கடிதமும் கொடுக்க வேண்டும் என்று நாம் கோரிக்கை வைக்க வேண்டும்.

மாதர் தலைவிகளே, உங்கள் தோட்டத்தில் யாராவது "அன்ஃபிட்" ஆகி வந்து மூலையில் உட்கார்ந்திருந்தால், இன்று இரவே போய்ப் பாருங்கள். கேள்வி கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அவர் கோப்பையிலேயே குடியுங்கள், ஒன்றும் வராது. விடிந்ததும் பஸ்ஸில் கூட ஏறி கிளினிக் வாசல் வரை போங்கள். சாத்தூர்ப் பையனுக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லை. நம் தோட்டங்களில் கிடைக்க வேண்டும்.